பிக்கரிங் ஓடைக்கரைகளில் பரவும் களைகள்: வேலிக்கு அப்பாலும் எமது பொறுப்பு

ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகளில் கனேடிய வாழ்வைத் தொடங்கிய எம்மவர் பலர் பின்னர் கிழக்கும் வடக்கும் நோக்கி நகர்ந்து, பிக்கரிங், ஏஜக்ஸ், மார்க்கம் ஆகிய நகரங்களில் வீடும் வளவும் வாங்கிக் குடியேறியுள்ளனர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 99,186 பேர் வாழும் பிக்கரிங் மாநகரில், வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் ஓர் ஓடையோ மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கோ தென்படுவது சாதாரணம். மேற்கெல்லையில் ரூஜ் ஆறு, நடுவே பெற்றிகோட் ஓடை, தெற்கே ஒன்ராறியோ ஏரியைத் தொட்டு நிற்கும் பிரெஞ்ச்மன்ஸ் குடா, கிழக்கே டஃபின்ஸ் ஓடை என நீரும் பசுமையும் சூழ்ந்த நகரம் இது.

கோடை காலத்தில் இப்பசுமையைப் பார்ப்பவர் மனம் குளிர்வது இயல்பு. ஆயினும் பச்சையாகத் தெரிவன யாவும் நலமானவை அல்ல. ஓடைக்கரை மரங்களின் அடியில் முழங்காலளவு உயரத்தில் ஒரே வகைக் கொடி பாய்விரித்தாற்போல் படர்ந்திருக்குமாயின், அங்கே பல வகைச் செடிகள் வாழ்ந்த இடத்தை ஒரே செடி கைப்பற்றிவிட்டது என்பதே அதன் பொருள். தோட்டம் செய்து வாழ்ந்த சமூகத்திற்குக் களை என்பதை விளக்கவேண்டியதில்லை. அறுகையும் கோரையையும் எதிர்த்து மண்வெட்டியோடு மல்லுக்கட்டிய தலைமுறை இன்றும் எம் வீடுகளில் இருக்கின்றது. ஆனால் இங்கே களை பிடுங்கவேண்டிய நிலம் ஒரு தனியாளின் தோட்டம் அன்று. அது ஒரு நகரத்தின் பொதுச்சொத்து. எனவே பிடுங்கும் முறையும் வேறு, கணக்கு வைக்கும் முறையும் வேறு.

பள்ளத்தாக்குகள் பொதுச்சொத்தான வரலாறு

1954ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் திகதி ஹேசல் என்னும் சூறாவளி ரொறன்ரோ பிரதேசத்தைத் தாக்கியது. ஆற்றோரங்களில் கட்டப்பட்டிருந்த வீடுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. 81 பேர் உயிரிழந்தனர். வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் இனி மனிதர் குடியிருத்தல் கூடாது என்னும் பாடத்தை அந்த அழிவு கற்பித்தது. அதன் விளைவாக 1957இல் உருவானதே இன்று ரொறன்ரோ பிரதேச பாதுகாப்பு அதிகாரசபை என அறியப்படும் அமைப்பு. பிக்கரிங்கின் ஓடைகளும் இதன் பொறுப்பிலுள்ள நிலப்பரப்புக்குள் அடங்குவன.

வீடு கட்ட இடமளிக்கப்படாத இந்நிலங்கள் காடாகவும் சதுப்பாகவும் நிலைத்தன. 2015ஆம் ஆண்டில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா சட்டபூர்வமாக அமைக்கப்பட்டது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலம் வரை நீளும் இப்பூங்கா ரொறன்ரோ, பிக்கரிங், மார்க்கம், அக்ஸ்பிறிட்ஜ் ஆகிய நான்கு எல்லைகளுக்குள்ளும் விரிந்து, ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பை உள்ளடக்குகின்றது. கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா இதுவே.

நகரத்தின் நடுவே இருப்பதுதான் இதன் பெருமை. அதுவே இதன் பலவீனமும் ஆகும். 401 நெடுஞ்சாலை, புகையிரதப் பாதை, உயரழுத்த மின்கம்பிகள் செல்லும் நீள்வெளிகள், ஆயிரக்கணக்கான வீடுகளின் பின்வளவுகள் ஆகிய எல்லாம் இப்பசுமையை வெட்டியும் ஒட்டியும் செல்கின்றன. சாலையோரமும் தண்டவாளமும் களைகளுக்கு ராஜபாட்டை. நடைபாதையில் செல்வோரின் சப்பாத்துச் சேற்றிலும், நாயின் உரோமத்திலும், புல்வெட்டும் இயந்திரத்தின் அலகிலும் விதைகள் பயணம் செய்கின்றன.

நாயின் பெயர் கொண்ட கொடி

இப்பகுதியின் களைகளுள் முதலிடத்தில் வைத்து எண்ணப்படுவது, ஆங்கிலத்தில் 'டோக் ஸ்ட்ராங்லிங் வைன்', அதாவது நாயை நெரிக்கும் கொடி, எனப் பெயர்பெற்ற செடி. அது எந்த நாயையும் நெரிப்பதில்லை. அது நெரிப்பது இளமரக் கன்றுகளையும் காட்டுப் பூஞ்செடிகளையுமே. உக்ரேன் நாட்டையும் அதனை ஒட்டிய தென்மேற்கு ரஷ்யாவையும் தாயகமாகக் கொண்ட இக்கொடி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்தது. தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது வேலி தாண்டிய கதையே இதன் கதையும்.

எம்மவருக்கு இக்கொடியின் சாயல் புதிதாக இராது. ஊரில் வேலிகளில் படரும் வேலிப்பருத்தியும், வெறுங்காணிகளில் நிற்கும் எருக்கலையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. எதிரெதிராக அமைந்த முட்டைவடிவ இலைகள், ஐந்து இதழ் கொண்ட சிறு நட்சத்திரம் போன்ற இளஞ்சிவப்பு அல்லது கருஞ்சிவப்புப் பூக்கள், 4 முதல் 7 சென்ரிமீற்றர் நீளமான மெலிந்த காய்கள் ஆகியவற்றைக் கொண்டு இதனை இனங்காணலாம். மே மாத இறுதி தொடக்கம் யூலை நடுப்பகுதி வரை பூக்கும். கோடையின் பிற்பகுதியில் காய் வெடித்து, எருக்கலைப் பஞ்சு பறப்பதுபோலவே விதைகள் வெண்பஞ்சோடு காற்றில் மிதந்து செல்லும். அடர்ந்து வளர்ந்த இடத்தில் ஒரு சதுர மீற்றரில் மட்டும் ஆயிரக்கணக்கான விதைகள் உண்டாகும். ஒரே விதையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் எழுவதும் உண்டு. பற்றிக்கொள்ள ஏதேனும் கிடைத்தால் 2 மீற்றர் உயரம்வரை சுற்றி ஏறும்.

இதனால் விளையும் கேடுகளுள் மனத்தை உறுத்துவது மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு நேர்வது. ஒவ்வோர் ஆண்டும் ஒன்ராறியோவிலிருந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகள் வரை பறந்துசெல்லும் இப்பூச்சி, 'மில்க்வீட்' எனப்படும் உள்ளூர்ப் பாற்செடியில் மட்டுமே முட்டையிட்டு இனம் பெருக்கவல்லது. இக்கொடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், தாய்ப்பூச்சி ஏமாந்து இதில் முட்டையிட்டுவிடுவதுண்டு. பொரித்த புழுக்களால் இந்த இலையை உண்டு வாழ முடியாது, அவை மடிந்துபோகின்றன. 2023ஆம் ஆண்டில் கனேடிய அரசு மொனார்க் பூச்சியை அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதில் சட்டம் தன்னைத் திருத்திக்கொண்ட ஒரு கதையும் உண்டு. விவசாயிகளுக்கு இடையூறு என்று கருதி, நெடுங்காலமாக ஒன்ராறியோவின் களைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தப் பாற்செடியையே அழிக்கவேண்டிய களையாக வைத்திருந்தது. 2014இல் மொனார்க் பூச்சியின் நலன் கருதிப் பாற்செடி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நெரிகொடி அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. எது களை, எது பயிர் என்பது அறிவு வளர வளர மாறும் தீர்ப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தொட்டால் சுடும் செடி

நெரிகொடி காட்டுக்குப் பகை. 'ஜயன்ற் ஹொக்வீட்' எனப்படும் பெருஞ்செடியோ மனிதருக்கே நேர்ப்பகை. கோக்கசஸ் மலைப்பகுதியிலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட இது 5 மீற்றர் உயரம்வரை வளரக்கூடியது. தண்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகளும் சொரசொரப்பான மயிர்களும் இருக்கும். உச்சியில் குடை விரித்தாற்போல் வெண்பூக்கள் திரண்டிருக்கும். குழந்தைகள் வியந்து நெருங்கக்கூடிய தோற்றம்.

இதன் பால் தோலிற்பட்டு, அவ்விடத்தில் வெயிலும் பட்டால், இரு நாட்களுக்குள் தீக்காயம் போன்ற கொப்புளங்கள் எழும். தழும்பு நெடுங்காலம் நிற்கும். அவ்விடம் பின்னரும் வெயிலைத் தாங்காது. கண்ணிற்பட்டால் பார்வைக்கே ஆபத்து நேரலாம். பட்டவுடன் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்கு கழுவி, அவ்விடத்தில் வெயில் படாமல் மூடிக்கொண்டு, தாமதியாது மருத்துவரை நாடவேண்டும். சாலையோரங்களில் மஞ்சட் பூக்களோடு நிற்கும் 'வைல்ட் பார்ஸ்னிப்' என்னும் செடியின் பாலும் இதேபோன்று தோலைச் சுடவல்லது.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருக்கும் காலத்தில் எம் இளைஞர் பலருக்குக் கோடையில் எளிதிற் கிடைக்கும் தொழில்களுள் புல்வெட்டுதலும் தோட்டச் சீரமைப்பும் அடங்கும். நீண்ட கைச்சட்டையோ கையுறையோ இன்றி, பற்றையை இழைவெட்டியினால் சிதறடித்து வெட்டும்போது பால் முகத்திலும் கையிலும் தெறிக்கும். வெயிலில் வியர்வையோடு நிற்பவருக்கு அந்நேரம் வலி எதுவும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தோல் பொங்கும். அப்போது அது எதனால் வந்ததென்பதே புரியாது போகலாம்.

ஒன்ராறியோவின் தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டம், தாம் செய்யும் வேலையிலுள்ள ஆபத்தை அறிந்துகொள்ளும் உரிமையையும், பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமையையும் தொழிலாளர்க்கு வழங்குகின்றது. இவ்வாறு மறுத்தமைக்காக ஒருவரைத் தண்டிப்பதையும் அச்சட்டம் தடைசெய்கின்றது. 'நான் இன்னும் ஏற்கப்படாதவன், எதையும் கேட்கக்கூடாது' என்ற அச்சம் எம்மவரிடையே ஆழமாக வேரோடியிருக்கின்றது. அந்த அச்சத்தினால் ஒருவர் தமது கண்ணை இழக்கவேண்டியதில்லை. வேலைக்குச் செல்லுமுன் இந்த இரு செடிகளின் தோற்றத்தையும் அறிந்து வைத்திருப்பதும், கண்டால் மேற்பார்வையாளரிடம் காட்டிக் கையுறையும் கண்ணாடியும் கேட்பதும் முற்றிலும் முறையானவை.

சதுப்பை மூடும் நாணல், காட்டை மூடும் கீரை

பிரெஞ்ச்மன்ஸ் குடா, ரூஜ் முகத்துவாரம் போன்ற சதுப்பு நிலங்களின் பகைவன் 'பிறக்மைற்றிஸ்' என்னும் ஐரோப்பிய நாணல். நெடுஞ்சாலை வாய்க்கால்களில் பூங்குஞ்சத்தோடு ஆளுயரத்திற்கு மேல் அடர்ந்து நிற்பதை 401இல் பயணம் செய்வோர் நாள்தோறும் காணலாம். 5 மீற்றர்வரை உயர்ந்து, ஒரு சதுர மீற்றரில் 200 தண்டுகள்வரை நெருங்கி வளரும் இதனூடே ஆமைக்கோ நீர்ப்பறவைக்கோ வழி கிடையாது. 2005ஆம் ஆண்டில் கனேடிய விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் இதனை நாட்டின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரமாகக் குறித்தனர்.

காட்டின் தரையை மூடுவது உள்ளிமணம் வீசும் ஒரு கீரை. ஆங்கிலத்தில் 'கார்லிக் மஸ்ராட்' என்பர். ஐரோப்பியக் குடியேறிகள் உணவுக்காகக் கொண்டுவந்த இது, கனடாவில் முதன்முதலாகப் பதிவானது 1879இல் ரொறன்ரோவிலேயே. மரவேர்களோடு கூட்டுறவு கொண்டு வாழும் மண்ணிலுள்ள பூஞ்சைகளை நலியச்செய்யும் பொருட்களை இச்செடி வெளியிடுகின்றது. எனவே மேலே மரம் நிற்கும். ஆனால் கீழே அடுத்த தலைமுறைக் கன்று தோன்றுவது கடினமாகிவிடும்.

வரைபடம் ஏன் வேண்டும்?

களை கண்ட இடத்தில் பிடுங்கினாற் போதாதா, வரைபடம் எதற்கு என்ற கேள்வி எழலாம். நாலு பரப்புத் தோட்டத்திற்கு வரைபடம் வேண்டியதில்லை. பல ஆயிரம் ஏக்கர் நிலமும், வருடத்தில் சில வாரங்களே கிடைக்கும் காலமும், எண்ணிக்கையிற் குறைந்த கைகளும் இருக்கும்போது, எங்கிருந்து தொடங்குவது என்பதே முழு வேலையினதும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றது.

களை வரைபடம் தயாரிப்போர், நிலத்தை நடந்து பார்த்து, செய்மதி மூலம் இடங்காட்டும் கருவியினால் ஒவ்வொரு களைக்கூட்டத்தின் எல்லையையும் பதிவு செய்கின்றனர். எந்தச் செடி, எவ்வளவு பரப்பு, தனிச்செடிகளா அல்லது திட்டா அல்லது முழுப் பாய்விரிப்பா, பூத்ததா காய்த்ததா, எந்தத் திகதி என்பன குறிக்கப்படும். களை இல்லாத இடத்தை 'இங்கு இல்லை' என்று குறிப்பதும் சம அளவில் முக்கியமானது. அந்தக் குறிப்பு இருந்தாலன்றி, அடுத்த வருடம் அங்கே காணப்படுவது புதிதாக வந்ததா, முன்னரே இருந்ததா என்பது தெரியாது. உயர்ந்து அடர்ந்து நிற்கும் நாணல் போன்றவற்றை வானிலிருந்து எடுக்கும் படங்களிலும் இனங்காணலாம். மரநிழலில் ஒளிந்து வளரும் கொடியைக் காணக் காலால் நடந்தேயாகவேண்டும்.

வரைபடம் கிடைத்ததும் மனம் சொல்வது, பெரிய திட்டை முதலில் தாக்கு என்பது. ஆய்வு சொல்வதோ மறுதலை. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மூடி, மக் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை, பெருந்திட்டை விட்டு விலகி அங்குமிங்கும் புதிதாக முளைத்த சிறு கூட்டங்களை முதலில் அழிப்பதே பரவலைத் தடுக்கும் சிறந்த வழி என்று கணக்கிட்டுக் காட்டியது. காட்டுத்தீயில் பறந்து விழும் பொறிகளை முதலில் அணைப்பதற்கு இது ஒப்பாகும். முளையிலே கிள்ளவேண்டும் என்று எம் முன்னோர் சொன்னதும் இதனையே.

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1960களில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்னும் சகோதரிகள் இருவர், தம் வீட்டருகே இருந்த காட்டுப்பகுதிகளில் கையாலேயே களை பிடுங்கி இதனையொத்த பாடத்தைக் கண்டறிந்தனர். நல்ல நிலையிலுள்ள காட்டிலிருந்து தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கி மெல்ல நகரவேண்டும். மண்ணைக் கூடியவரை கிளறாதிருக்கவேண்டும். உள்ளூர்ச் செடிகள் மீளும் வேகத்தை மிஞ்சிப் பிடுங்கக்கூடாது என்பன அவர்களது விதிகள். அவர்களிடம் பெரிய இயந்திரமும் இருக்கவில்லை, பெரும் பணமும் இருக்கவில்லை. அம்முறை இன்று பிராட்லி முறை என்றே அழைக்கப்படுகின்றது.

பிடுங்குதலும் காலமறிதலும்

நெரிகொடியை இழுத்துப் பிடுங்கினால் தண்டு அறுந்து வேர்முடி மண்ணிலேயே தங்கிவிடும். அதிலிருந்து மீண்டும் முளைக்கும். எனவே சிறு திட்டாயின் வேர்முடியோடு கிண்டி எடுக்கவேண்டும். பெருந்திட்டாயின் பூத்தபின், காய் முற்றுமுன் வெட்டவேண்டும். அவ்வாறு வெட்டுவதால் செடி சாகாது. ஆனால் அவ்வருட விதை தடுக்கப்படும். காய் வெடிக்கும் காலத்தில் வெட்டுவது, நாமே விதைத்துவிடுவதற்குச் சமம். உள்ளிமணக் கீரையை வசந்தத்தில், பூ விதையாகுமுன், ஈரமண்ணில் வேரோடு இழுத்துவிடலாம். நீரில் நிற்கும் நாணலைக் கோடையின் நடுவில் நீர்மட்டத்திற்குக் கீழே வெட்டி, மூச்சுவிட வழியின்றி மூழ்கச்செய்யும் முறையும் கையாளப்படுகின்றது.

இரசாயன மருந்து பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி தொடக்கம் ஒன்ராறியோவில் வீட்டுப் புற்றரைகளுக்கும் பூந்தோட்டங்களுக்கும் அழகு கருதிக் களைகொல்லி தெளிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. தொட்டால் மனிதருக்குத் தீங்கு செய்யும் செடிகள் போன்ற சிலவற்றுக்கே விதிவிலக்கு உண்டு. ஊரில் பழகிய தெளிகருவிப் பழக்கத்தை இங்கே தொடர்வது சட்டத்திற்கு மாறானது.

மற்றொரு வழி உயிரியற் கட்டுப்பாடு. சதுப்புகளை ஊதாநிறப் பூக்களால் மூடிய 'லூஸ்ஸ்றைவ்' செடிக்கு எதிராக 1992இல் ஒன்ராறியோவில் ஐரோப்பிய இலைவண்டுகள் விடப்பட்டன. அவை நிலைபெற்ற பல இடங்களில் அச்செடி அடங்கியது. நெரிகொடிக்காக, உக்ரேனில் அதன் இலையை உண்டு வாழும் 'ஹைப்பீனா ஒபியுலென்ரா' என்னும் அந்துப்பூச்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. வேறு செடிகளை அது உண்ணாதென்பது பல ஆண்டுச் சோதனைகளின் பின் உறுதிப்படுத்தப்பட்டது. கனேடிய உணவுப் பரிசோதனை முகவரகத்தின் அனுமதியுடன் 2013இல் அது ஒட்டாவாப் பகுதியில் முதன்முதலாக விடப்பட்டது. இத்தகைய முயற்சி பலன்தர ஆண்டுகள் பல செல்லும். அதுவரை கையும் மண்வெட்டியுமே துணை.

ஊரிலும் இதே கதை

இது குளிர்நாட்டுக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. இலங்கையில் நீர்ப்பூண்டாகிய ஆகாயத்தாமரையை அடக்கவென்றே 1909இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வுத் தேவைக்காக வந்த சல்வீனியா, குளங்களையும் வயல்களையும் மூடியது. 1986இல் விடப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு அதனைப் பெருமளவு அடக்கிற்று.

எம் மண்ணை இன்று வருத்துவது பார்த்தீனியம். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இது, 1950களின் நடுவில் இந்தியாவின் பூனா நகரில் இனங்காணப்பட்டு நாடெங்கும் பரவியது. 1987இல் வந்த இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இதன் விதை இலங்கையின் வடபகுதிக்கு வந்தது என்பது பரவலாகக் கூறப்படும் காரணம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டக்காணிகளைப் பிடித்த இச்செடி பயிரை நலிவிப்பதோடு, தோல் அழற்சியையும் மூச்சிழுப்பையும் உண்டாக்கும். 2013இல் அமைந்த வட மாகாணசபையின் விவசாய அமைச்சு இதன் ஒழிப்பை ஓர் இயக்கமாகவே முன்னெடுத்தது.

களை ஏன் வருகின்றது என்பதற்கு எம் நிலமே சான்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள், பல்லாண்டுகளின் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியபோது, எல்லைக்கல் தெரியாத பற்றைக்காடே அவர்களை எதிர்கொண்டது. மனிதர் விலக்கப்பட்ட நிலத்தைக் களை ஏற்றுக்கொள்கின்றது. களையை அகற்றுவதென்பது அங்கே வெறும் தோட்ட வேலையன்று. 'இது எமது காணி' என்று மீண்டும் எழுதுவதுமாகும்.

'அந்நிய இனம்' என்னும் சொல்

இச்செடிகளைப் பற்றிய அறிக்கைகளில் 'அந்நிய இனம்', 'ஆக்கிரமிப்பாளர்', 'ஊடுருவல்' என்னும் சொற்கள் நிறைந்திருக்கும். அதே சொற்கள் கப்பலிலும் விமானத்திலும் வந்த மனிதரைக் குறித்தும் செய்திகளில் வீசப்பட்டதைக் கேட்ட எமக்கு, அவை உறுத்துவதில் வியப்பில்லை. இவ்வுறுத்தலை மறைக்கவேண்டியதில்லை, தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டியுள்ளது.

பிறந்த இடம் வேறு என்பதனால் மட்டும் எந்தச் செடியும் களையாவதில்லை. இந்நாட்டின் கோதுமையும் தோட்டத்து அப்பிளும் தேனீயும் வெளியிலிருந்து வந்தவையே. தென் ஒன்ராறியோவின் மண்புழுக்களிற் பெரும்பாலானவையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. வந்த செடிகளுள் மிகச்சிலவே பிறவற்றின் வாழ்வைப் பறிக்கின்றன, அச்செயலே அளவுகோல். மறுபுறம், கனடாவில் இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகப் பூத்து நிற்கும் உள்ளூர்ச் செடியான 'கோல்டன்றொட்', ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் சீனாவிலும் ஆக்கிரமிப்புக் களையாக எண்ணப்படுகின்றது. ஆகவே நல்ல செடி, கெட்ட செடி என்பதும் இடத்தைப் பொறுத்ததே. மேலும் செடி தானாக எல்லை தாண்டுவதில்லை. அழகுக்கும் ஆதாயத்திற்கும் அதனைத் தூக்கிவந்தவர் மனிதரே. அகதியோ தன்னைத் துரத்திய அநீதியிலிருந்து தப்பி, மற்றோருடன் கூடிவாழ இடம் கேட்டு வருபவர். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்போர் தாவரத்தையும் அறியார், மனிதரையும் அறியார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பின்வளவுக் குப்பையையும் வெட்டிய செடிகளையும் வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்கில் கொட்டக்கூடாது. 'இலைதானே, உக்கிவிடும்' என்று எண்ணுவது தவறு. பல களைகள் காட்டுக்குட் புகுந்தது இவ்வழியாகவே. ஆக்கிரமிப்புக் களைகளைக் கூட்டெருக் குவியலிலும் இடலாகாது. கறுப்புப் பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி, வெயிலில் சில வாரம் வைத்து, விதையும் வேரும் செத்தபின் அகற்றவேண்டும். தோலைச் சுடும் செடிகளைத் தாமே வெட்ட முயலாது, மாநகரசபைக்கு அறிவிப்பதே நன்று.

இரண்டாவதாக, பூங்கன்று விற்பனை நிலையங்களில் வாங்கும்போது உள்ளூர்ச் செடிகளைக் கேட்டு வாங்கலாம். ஓரிரண்டு பாற்செடிகளை நட்டால் மொனார்க் பூச்சி தேடி வரும். பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடம். 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோவின் ஆக்கிரமிப்பு இனங்கள் சட்டத்தின் கீழ், நெரிகொடி, ஐரோப்பிய நாணல், ஜப்பானிய நொட்வீட் ஆகியவற்றை வாங்குவதும் விற்பதும் பரப்புவதும் தடைசெய்யப்பட்டவை.

மூன்றாவதாக, ஊரிலிருந்து வரும்போது பயணப்பொதியில் கறிவேப்பிலைக் கன்றும், முருங்கைத் தடியும், ஒரு பிடி மண்ணும் கொண்டுவரும் ஆசை விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆயினும் மண்ணோடு கூடிய செடிகளைக் கொண்டுவருவதற்குத் தடை உண்டு. ஏனைய செடிகளுக்கும் விதைகளுக்கும் உரிய சான்றிதழ்கள் தேவைப்படலாம். கொண்டுவந்ததை விமான நிலையத்தில் மறையாது அறிவிப்பதே பாதுகாப்பு. பார்த்தீனியம் எவ்வாறு எம் மண்ணுக்கு வந்தது என்று கூறப்படுகின்றதோ, அதனை நினைத்தால் இவ்விதியின் நியாயம் புலப்படும்.

நான்காவதாக, கண்டதை அறிவியுங்கள். ஒன்ராறியோவில் ஆக்கிரமிப்பு இனங்களை அறிவிப்பதற்கான கட்டணமற்ற தொலைபேசி இலக்கம் 1-800-563-7711. கைத்தொலைபேசியில் படம் எடுத்து இடத்தோடு பதிவிடும் ஐநச்சுரலிஸ்ற், எட்மப்ஸ் போன்ற செயலிகள் மூலமும் வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சேர்க்கலாம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டிமார்க்கும் இது உகந்த பணி. செடியை இனங்காணும் கண் அவர்களிடம் இருக்கின்றது. கருவியைக் கையாளும் விரல் பேரப்பிள்ளைகளிடம் இருக்கின்றது. உயர்பாடசாலை மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு ஒன்ராறியோவில் 40 மணிநேரச் சமூக சேவை கட்டாயம். களை அகற்றும் தொண்டர் நாட்களில் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் கலந்துகொண்டால் அத்தேவையும் நிறைவேறும்.

பனையும் பூவரசும் நின்ற வேலிகளை விட்டு வந்தோம். அவ்வேலிகளைப் பேணியவர் நாம் என்பதால், இங்குள்ள ஓடைக்கரையையும் பேணத் தெரியும். ரூஜ் ஆற்றங்கரையும் பெற்றிகோட் ஓடையும் எம் பிள்ளைகள் விளையாடி வளரும் நிலம். அங்கே களை பிடுங்க ஒருநாள் ஒதுக்கும் தமிழ்க் குடும்பம், தான் இந்நாட்டிற்கு வந்துபோகும் விருந்தாளியன்று, இந்நிலத்தின் பொறுப்பிற் பங்குடையது என்பதைச் செயலாற் சொல்கின்றது. வரும் வசந்தத்தில், உள்ளிமணக் கீரை பூக்குமுன், அந்த வேலையைத் தொடங்கலாம்.